சத்தத்துக்கு முந்தும் விரல்

கனடாவின் எட்மண்டன் நகரில், செவிப்பரிசோதனைக் கூண்டுக்குள் மரியநாயகம் கண்மூடி உட்கார்ந்திருக்கிறார். அறுபது வருடங்களுக்கு முன் கொழும்பு ஹோட்டல்களில் ராக் அண்ட் ரோல் பாண்ட் குழு நடத்தியவர். காதில் சத்தம் கேட்டதும் அவர் கையிலுள்ள பொத்தானை அழுத்தவேண்டும். கண்ணாடிக்கு இப்பால், பரிசோதிக்கிற ஆரணியின் முன்னே பச்சை விளக்கு எரியும். ஆனால் அவள் ஒரே சீரான இடைவெளியில் அனுப்பும் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு கணம் முந்தியே விளக்கு எரிகிறது. அவருடைய குதிகால் தரையைத் தட்டிக்கொண்டேயிருக்கிறது. சத்தத்தின் அளவைக் கூட்டி, ஒலிவாங்கியில் "ஐயா, கேட்டாப் பிறகு அமத்துங்கோ" என்கிறாள். "கேட்டாப் பிறகு தொடங்கினால் பாண்ட் முழுக்கப் பிந்திப்போகும், பிள்ளை." இவருக்கு என்னதான் கேட்கிறது என்று பார்க்க, ஆரணி சத்தத்தை அடியோடு நிறுத்துகிறாள். குதிகால் நிற்கவில்லை. பச்சை விளக்கு தாளம் பிசகாமல் எரிந்து எரிந்து அணைகிறது. அவர் முகத்தில் மெல்லச் சிரிப்பு வருகிறது, பின்னால் எல்லோரும் சரியாக வாசிப்பதைப்போல.