பதிவு இல்லாத ஆள்தான் வேண்டும்

"சிட்டியில பதிவு இருக்கற ஆள்தான் வேணும்னா, உங்களை ஏன் கூப்பிடப்போறேன்?" என்று சிரித்தாள் லோரெட்டா.

டுவெய்னுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. முந்தின நாள் ஹார்டுவேர் கடை வாசலில், அவன் பிக்கப் வண்டியில் கிடந்த மிஷின் ரம்பத்தைப் பார்த்துவிட்டுத் தானாகவே வந்து பேச்சுக் கொடுத்தவள் அவள். அறுபது வயதிருக்கும். விலை உயர்ந்த மழைக்கோட்டு. "ஞாயிற்றுக்கிழமை காலையில வந்துடுங்க. சிட்டி ஆபீஸ்ல அன்னிக்கு ஈ காக்கா இருக்காது" என்று சொல்லி, விலாசத்தையும் வாயாலேயே சொல்லிவிட்டுப் போனாள்.

வந்துவிட்டார்கள், அவனும் மைத்துனன் ரஸ்ஸும். மூவரும் வீட்டு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

தேவதாரு மரம். வீட்டுக்கூரை அதன் இடுப்புக்குக்கூட எட்டவில்லை.

"மச்சான், இது ரொம்பப் பெருசு" என்றான் ரஸ். "இந்த சைஸுக்கு பெர்மிட் இல்லாம கை வைக்கக்கூடாது. சிட்டி லிஸ்ட்ல இருக்கற கம்பெனிதான் வெட்டணும். முன்கூட்டியே வாசல்ல நோட்டீஸ் தொங்கணும்."

"அட, இவருக்குச் சட்டமெல்லாம் மனப்பாடமா?" என்றாள் லோரெட்டா. "ஒருத்தர் சொந்த இடத்துல நிக்கற மரத்தை வெட்டறதுக்கு, மேஜைக்குப் பின்னாடி உக்காந்திருக்கற எவன்கிட்டயோ கைகட்டி நிக்கணுமாம்! இன்ஷூரன்ஸ் காட்டணுமாம். மர வைத்தியர் வந்து நாடி பிடிச்சுப் பாக்கணுமாம். நான் முழங்கால் வலிக்கு டாக்டரைப் பாக்கவே ஒரு மாசம் காத்துக் கிடந்தேன். மரத்துக்கு வைத்தியராம்!"

டுவெய்ன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"என் பேரும் அந்த லிஸ்ட்ல இருந்ததுதான் மேடம். பெர்மிட் இல்லாம ஒரே ஒரு மேப்பிள் மரம் வெட்டினேன். அதுக்காகத் தூக்கிட்டானுங்க. மறுபடி மாட்டினா கோர்ட்டுதான்னு மிரட்டல் வேற."

"அப்போ மாட்டாதீங்க!" என்றாள். "லிஸ்ட்ல இருக்கற கம்பெனிக்கெல்லாம் நானும் போன் பண்ணிப் பாத்தேன். ஆளாளுக்கு ஆயிரம் கேள்வி. போதும்டா சாமின்னு வெச்சுட்டேன். நீங்கதான் வேலைக்காரர். பாத்தவுடனே வேலையைப் பேசினீங்க, வேற எதுவும் கேக்கல."

டுவெய்ன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

ரஸ் விடவில்லை. "அக்கம்பக்கத்துல யாராவது போட்டுக் கொடுத்தா?"

"இந்தப் பக்கம் காலி மனை. அந்தப் பக்கத்து வீட்டுக்கு நான் பொறுப்பு. அங்கேருந்து மூச்சு வராது."

"கேட்டுக்கிட்டியாடா? இவனும் சிட்டி ஆபீஸ்ல சேர வேண்டியவன் மேடம், தப்பிப் பிறந்துட்டான்" என்று சொல்லிக்கொண்டே டுவெய்ன் இடுப்பில் கயிற்றைக் கட்டினான்.

மேலேறி, கிளை கிளையாகக் கழித்து இறக்கினான். ரஸ் கீழே நின்று கயிற்றைப் பிடித்தான். நடுவில் அவன் கழிவறை எங்கே என்று கேட்டதற்கு, "உள்ள தரைக்குப் பாலிஷ் போட்டிருக்கு, காயவே இல்ல. முக்குல பெட்ரோல் பங்க் இருக்கு பாருங்க" என்றாள் லோரெட்டா.

"பணக்காரங்க வீட்டுத் தரைடா. உன் பூட்ஸுக்கெல்லாம் அது தாங்காது" என்று மரத்தின் மேலிருந்து கத்தினான் டுவெய்ன்.

மத்தியானம் உச்சி விழுந்தது. அப்புறம் நடுமரம் துண்டு துண்டாக விழுந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் தரை அதிர்ந்தது. புதிதாக அறுபட்ட மரத்தின் வாசனை தெருவரைக்கும் போயிற்று. கடைசியில் அடிமரமும் சாய்ந்தபோது, அதுவரை தெரியாமலிருந்த ஏரி, மலைகளோடு சேர்ந்து பளிச்சென்று திறந்துகொண்டது.

லோரெட்டா ஏரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு கவரை டுவெய்ன் கையில் திணித்தாள். "ரசீதெல்லாம் வேண்டாம். விறகையும் நீங்களே எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, வேலியைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

"பாத்தியா?" டுவெய்ன் மரத்தூளைத் தட்டிவிட்டான். "ஒரு பெர்மிட் இல்ல, ஒரு நோட்டீஸ் இல்ல. சிட்டிக்காரன் நாளைக்கு டையைக் கட்டிக்கிட்டு ஆபீஸ் வரதுக்குள்ள இது எவன் வீட்டு அடுப்புலயோ எரிஞ்சுக்கிட்டிருக்கும். சட்டமாம்! கேனப்பசங்களுக்குத்தான்டா சட்டம்."

ரஸ் முதல் துண்டை வண்டியில் ஏற்றுவதற்குள் ஒரு கார் வந்து வாசலில் நின்றது. அதிலிருந்து வெள்ளைமுடிக்காரர் ஒருவர் பெட்டியோடு இறங்கினார். பெட்டி கையிலிருந்து நழுவி விழுந்தது. தள்ளாடி வந்து, ஈரம் காயாத அடிக்கட்டையின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"யாருய்யா நீங்க? என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"நீங்க யாரு? வீட்டுக்காரம்மா சொல்லித்தான் வெட்டினோம்" என்றான் டுவெய்ன் எகத்தாளமாக.

"எந்த வீட்டுக்காரம்மா? இந்த வீட்டுல நான் ஒண்டி ஆளுய்யா!"

டுவெய்ன் வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அப்போது பக்கத்து வீட்டு மாடிக் கதவு திறந்தது. ஏரியைப் பார்த்திருந்த பால்கனியில், அதே மழைக்கோட்டும் காதில் போனுமாக லோரெட்டா வந்து நின்றாள்.

"அய்யோ மார்வின், நல்ல வேளை வந்தீங்க! நான் இப்பதான் வெளியில போயிட்டு வந்து பாக்கறேன், எவனோ ரெண்டு பேர் உங்க மரத்தை வெட்டிச் சாச்சுட்டானுங்க. ஓடவிடாதீங்க, போலீஸ் வந்துக்கிட்டே இருக்கு!"