தவளை வாங்கிய கம்ப்யூட்டர்

மொட்டைமாடித் தொட்டியில் தனியாகக் குடியிருந்த தவளைக்கு அன்று தலைகால் புரியவில்லை. மழைக்காலம் நெருங்கிவிட்டது. வீட்டிலேயே பாட்டைப் பதிவு செய்யக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறது! கையில் இருந்ததோ சொற்பப் பணம்.

பழைய கம்ப்யூட்டர் விற்கும் அணில், ஒரு மெல்லிய லேப்டாப்பைத் திறந்து மைக்கை மாட்டியது. தவளை தொண்டையை உப்பிப் பாடிவிட்டுப் போட்டுக் கேட்டது. சுத்தமாக அதன் குரல் மட்டும்தான் ஒலித்தது.

"நல்லாத்தான் இருக்கு," என்ற தவளையின் முகம் ஏனோ வாடிப்போனது. "மூலையில கிடக்கிற அந்தக் குண்டுக் கம்ப்யூட்டர் பெட்டி?"

"அது வேணாங்க. உள்ளே இருக்கிற ஃபேன் ஓயாம இரையும். வாங்கினவங்க எல்லாம் திட்டித் திருப்பிக் கொடுத்துட்டாங்க."

"இந்தத் தடவை மூச்சுக் காட்டாம இருக்கேன்," என்று கெஞ்சியது பெட்டி.

தவளை பாடியது. பெட்டி அடக்கி அடக்கிப் பார்த்தது, முடியவில்லை. போட்டுக் கேட்டபோது, தவளையின் குரலுக்குப் பின்னாலேயே இன்னொரு குரல் வந்தது: "கொர்ர்ர்..."

தவளை மேஜைமேல் ஒரே தாவு தாவியது. "அணிலண்ணே, இது என்கூடவே பாடுது!"

"மன்னிச்சிடுங்க," என்று பெட்டி கூனிக் குறுகியது. "எவ்வளவோ அடக்கினேன்."

"யாரு அடக்கச் சொன்னா? வா, வீட்டுக்குப் போவோம். மழை வந்ததும் நான் எடுத்துக் கொடுக்கிறேன், நீ வாய்விட்டுப் பாடு!"