அண்ணி போட்ட சத்தம்

"கல்யாணம் ஆகாத பொண்ணுகிட்ட என்ன கேக்கப் போறீங்க? பிள்ளை எத்தனைன்னா?"

அம்மாக்காரி கேட்டுவிட்டுத் தானே சிரித்தாள். கதவோரம் நின்ற அண்ணன்காரனும் சிரித்தான்.

சர்வேக்கு வந்தவள் சிரிக்கவில்லை. "நாடு முழுக்க எடுக்கற சுகாதார சர்வேம்மா. இதுவரைக்கும் கல்யாணம் ஆனவங்களைத்தான் கேட்டோம். இந்தத் தடவை எல்லாப் பெண்களையும் கேக்கணும். ஆனா தனியாத்தான் கேக்கணும்."

"பெத்தவளுக்குத் தெரியாம என்ன ரகசியம்? இங்கேயே கேளுங்க."

அம்மா இடித்த புளி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முப்பதைத் தாண்டிய அந்தப் பெண் வெளுத்துப்போன முகத்தோடு எதிரே இருந்தாள். சொல்ல வாயெடுப்பதும் விழுங்குவதுமாக இருந்தாள்.

என்னவாக இருக்கும்? தெரிந்துகொள்ள வழியில்லை. பக்கத்தில் ஆள் இருந்தால் பேட்டி கிடையாது. சர்வேக்காரி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

சமையலறையிலிருந்து அண்ணி எட்டிப்பார்த்தாள். "அப்படி என்னதான் கேப்பீங்க?"

"மாதவிடாய், கர்ப்பப்பை, உடலுறவு..."

"சீ! வெக்கமா இல்ல?" வீடே அதிர்ந்தது. "ஏங்க, ஆம்பளை நின்னு கேக்கற சமாச்சாரமா இது? மாடிக்குப் போங்க! அத்தை, நீங்களும் எழுந்திருங்க. இந்த அசிங்கம் உங்க காதுல வேற விழணுமா? கேட்டுத் தொலைச்சிட்டுப் போகட்டும், இல்லேன்னா நாளைக்கும் வந்து நிப்பாங்க!"

அண்ணன் தலைதெறிக்க ஓடினான். அத்தையைக் கையோடு இழுத்துப்போய், கதவைப் படாரென்று சாத்தினாள் அண்ணி.

இந்த வாய்க்காரியோடு இந்தப் பெண் எப்படித்தான் குப்பை கொட்டுகிறாளோ என்று சர்வேக்காரிக்குப் பாவமாக இருந்தது.

முதல் கேள்விக்கே அந்தப் பெண் உடைந்துபோனாள். மாதக்கணக்காக நிற்காத உதிரப்போக்கு. டாக்டரைப் பார்க்கலாம் என்றால், "கல்யாணம் ஆகாதவளுக்கு அங்கே என்ன வேலைன்னு கேப்பாங்க" என்கிறாளாம் அம்மா.

"யார் என்ன கேட்டா என்னம்மா? உடனே போய்க் காட்டு" என்று சொல்லிவிட்டு, மற்ற கேள்விகளையும் முடித்துக்கொண்டு கிளம்பினாள்.

வாசலில் அண்ணி நின்றிருந்தாள். சர்வேக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வாயைத் திறந்தாளா?" அண்ணியின் குரல் கிசுகிசுத்தது.

"அதை யார்கிட்டயும் நான் சொல்லக் கூடாது."

"சொல்ல வேணாங்க. நான் டாக்டர்கிட்ட கூப்பிட்டா அம்மாவுக்குப் பயந்து வர மாட்டேங்கறா. வெளியாள் ஒருத்தர் எடுத்துச் சொன்னா கேப்பா. போன தடவை வந்தவங்க என்னை மட்டும் கேட்டுட்டு, அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமப் போயிட்டாங்க."

"அப்புறம் ஏன் அந்தக் கத்துக் கத்தினீங்க?"

அண்ணி மாடியை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"அவளைத் தனியா விடுங்கன்னா இந்த வீட்டுல ஒருத்தர் அசைய மாட்டாங்க. அசிங்கம்னாதான் எழுந்து போவாங்க."