சியாமளா குடித்த தண்ணீர்

இதை எனக்கு முதலில் சொன்னது கன்னியம்மா அக்கா. தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஆடி மாதம், அம்மன் கோயிலில் கூழுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது.

அக்காவுக்கு மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு கடலோரக் குப்பம். பக்கத்தில் இறால் பண்ணை வந்தது. கடல் தண்ணீரைக் குளம் குளமாகத் தேக்கினார்கள். ஊர்க் கிணறு உப்பாகிப் போனது.

மாசமாக இருந்த மருமகளை அவள் அம்மா வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

“தண்ணி நல்லா ஆனா சொல்லி அனுப்புங்க சம்பந்தி. அதுவரைக்கும் என் பொண்ணு எங்க வூட்லயே இருக்கட்டும்.”

ஊரே சேர்ந்து மனு கொடுத்தது. ஜீப்பில் ஓர் அதிகாரி வந்தார். பின்னாலேயே ஒரு பேப்பர்காரர். இரண்டு பேரும் கன்னியம்மா வீட்டில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். வெயிலில் கிணற்றடிக்குப் போகவில்லை. ‘தண்ணீரில் குறை ஒன்றும் இல்லை’ என்று எழுதிவிட்டார்கள்.

“பண்ணைக்காரன்கிட்ட துட்டு வாங்கிட்டானுங்க!” குப்பமே மண்ணை வாரித் தூற்றியது.

அப்புறம்தான் சியாமளா வந்தாள். சென்னையில் ஒரு வாரப் பத்திரிகையில் வேலை. வந்தாள், தண்ணீர் குடித்தாள், போனாள். அடுத்த வாரமும் வந்தாள். அதற்கடுத்த வாரமும்.

கேட்டதெல்லாம் வீட்டுக் கதை. காலையில் யார் முதலில் எழுந்திருப்பது, மருமகளுக்கு எந்தக் குழம்பு பிடிக்கும், இப்படி.

“இவ இன்னாத்துக்கு வந்துகினே கீறா?” என்றார் அக்கா வீட்டுக்காரர் அருணகிரி. “உன் நண்டுக் குழம்புல ருசி கண்டுட்டா போல.”

“ஒரு வரி எழுதக் காணோமே. இவளுக்கும் பண்ணைக்காரன் குடுத்துட்டானோ இன்னாவோ!” என்றது குப்பம்.

பொங்கலும் கழிந்தது. ஒரு நாள் அக்கா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கையெல்லாம் செதில்.

“அக்கா, கொஞ்சம் தண்ணி” என்று வந்து நின்றாள் சியாமளா.

“நீ இன்னா, இன்னிக்குத்தான் புதுசா வந்தியா? அடுப்பாண்ட குடம் கீது. மொண்டு குடி, போ.”

மொண்டு குடித்தவள் வாசலுக்கு ஓடித் துப்பினாள்.

“என்னக்கா இது? இப்படிக் கரிக்குது!”

“கெணத்துத் தண்ணி பின்ன எப்டி இருக்கும்? உனுக்குத் தெரியாதா?”

“கிணறு உப்புன்னு தெரியும்க்கா. முதல் வாரமே செங்கல்பட்டுல குடுத்துப் பரிசோதிச்சாச்சு. ஆனா இதையா வீட்ல குடிக்கிறீங்க? அப்ப எனக்கு இத்தனை நாளா குடுத்தது?”

“அதுவா? அது தனிக் குடம். எங்க வூட்டுக்காரரு பக்கத்து ஊர் வரைக்கும் சைக்கிள் மிதிச்சிக் கொண்டாருவாரு. வூட்டுக்கு வந்தவங்களுக்கு உப்புத் தண்ணியா குடுப்பாங்க?”

சியாமளா அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அந்த அதிகாரிக்கு?”

“அவுருக்கும்தான்.”

“பேப்பர்காரருக்கு?”

“ஏலக்காய் தட்டிப் போட்டுக் குடுத்தேன். வெயில்ல வந்தாரே, பாவம்...”

சொல்லும்போதே அக்காவின் கை நின்றுவிட்டது.

“அப்ப... அவுங்க துட்டு வாங்கலியா?”

“அதைத்தான்க்கா நானும் தேடித் தேடிப் பார்த்தேன். அப்படி ஒண்ணும் அகப்படல. கால் மணி நேரம்தான் இருந்தாங்க. அவங்க செஞ்ச தப்பு அதுதான். கால் மணி நேரத்துல யாரும் வீட்டு ஆளாயிட முடியாதே.”

அடுத்த மாதம் கட்டுரை வந்தது. அருணகிரியின் சைக்கிளில் ஆரம்பித்து, அடுப்பாண்ட இருந்த குடத்துக்கு வந்து, அதற்கப்புறம்தான் பண்ணைக்குப் போயிற்று. படித்தவர்களால் பாதியில் கீழே வைக்க முடியவில்லையாம்.

முதலில் ஓடி வந்தது அதே அதிகாரிதான். அக்கா பழக்கத்தில் நல்ல தண்ணீர்ச் செம்பை எடுக்கப் போனாள்.

“அது வேணாம்மா. நீங்க குடிக்கிற குடத்துலயே குடுங்க.”

ஒரு டம்ளர் முழுக்கக் குடித்துவிட்டுத்தான் எழுந்தார். பண்ணைக்குப் பூட்டு விழுந்தது; குளங்கள் காய்ந்தன. ஊருக்குக் குழாய் வந்தது. மருமகள் கைக்குழந்தையோடு வந்து இறங்கினாள்.

அக்கா சொல்லி முடித்தபோது, எனக்கு முகம் தெரியாத அந்தச் சியாமளாவுக்காக அம்மனைக் கும்பிட்டுக்கொண்டேன்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். எழுதுகிறவர் யாராவது உங்கள் வீட்டுக்கு வந்தால், நீங்கள் குடிக்கிற தண்ணீரையே கொடுங்கள்.