பத்தடிக்கு அப்பால்

என் மனைவி ஷாஹிதா இறந்தபின், அவளுடைய பழைய நிக்கான் லென்ஸை என் சோனி கேமராவில் மாட்ட மலிவாக ஒரு அடாப்டர் வாங்கினேன். என்னைப் போலவே அதுவும் தேவைக்கு மேல் தடிமன். அதனால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெளிவாக விழாது. பனியன் கம்பெனி கேட்லாக்குக்குப் படமெடுக்கும் என் வேலைக்கு அது போதும்.

ஒரு மதியம் அருள்புரத்தில் என் ஸ்டுடியோ வாசலில் நின்று, தெருக்கோடி பஸ் ஸ்டாப்பைக் கேமராவில் பார்த்தேன். கடை, பஸ், ஜனம் எல்லாம் கலங்கல். பெஞ்சில் ஷாஹிதா மட்டும் துல்லியமாக உட்கார்ந்திருந்தாள். கேமராவை இறக்கினால் பெஞ்சு காலி. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

"ஏனுங்க பாய், அடாப்டரைத் துளி தேச்சுட்டா தூரமெல்லாம் தெளிஞ்சுருமுங்க. குடுங்க," என்றார் கேமரா மெக்கானிக் சண்முகவேல்.

"வேண்டாமுங்க. எனக்கு எப்பவுமே தூரப்பார்வை கெடையாது," என்றேன்.

இன்று அவள் எழுந்து நின்றாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள்.