இந்தியாக்காரன்

இலங்கை, 1939. மாத்தளைப் பக்கம் யட்டவத்த ரோட்டில் கல் உடைத்துக்கொண்டிருந்தவர்களை ஓவர்சியர் டிக்கிரிபண்டா கூப்பிட்டார்.

“இந்தியாக்காரங்களை அரசாங்க வேலையிலிருந்து நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்திருக்கு. சடையன், நாளையிலிருந்து நீ வர வேணாம்.”

கூட்டத்தில் சடையன் ஒருவர்தான் தமிழர்; ஓவர்சியர் உட்பட மற்ற எல்லாரும் சிங்களவர்.

“நான் பொறந்ததே மாத்தளையிலதானுங்க மாத்தயா. இந்தியாவைக் கண்ணால பார்த்ததில்லை.”

“உன் அப்பன் அங்கேயிருந்து வந்தவன்தானே? நான் என்ன செய்ய?”

சடையன் மற்றவர்களைப் பார்த்தார். தினமும் அவரிடம் வெற்றிலை வாங்கிப் போடும் பியசேனவே, “எங்க பொடியன்களுக்கும் வேலை வேணும்தானே” என்றான்.

சடையன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு நடந்தார். வளைவு தாண்டியதும் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ஓவர்சியர் வேகமாக வந்துகொண்டிருந்தார்.

“வீட்டுல சொல்லிடாதீங்க மாத்தயா” என்றார் சடையன். “நெறமாசக்காரி. மனசு ஒடைஞ்சு போயிருவா.”

“அவ கேட்டா நான் என்ன சொல்ல?”

“ஒடம்புக்கு முடியாம நானே நின்னுட்டேன்னு சொல்லுங்க.”

டிக்கிரிபண்டாவின் கண் கலங்கியது. “என்னை மன்னிச்சிருங்க, மாமா.”

“ரோட்டுல வச்சு அப்படிக் கூப்பிடாதீங்க. என் மகளைக் கட்டினது தெரிஞ்சா உங்களையும் ஒதுக்கிருவாங்க.”

கொஞ்ச தூரம் போன சடையன் திரும்பி வந்தார்.

“பேரப்பிள்ளைக்கு என் பேரை வைக்கணும்னு மக அழகாயி ஆசைப்பட்டா. வேணாம்னு சொல்லுங்க மருமகனே. சிங்களப் பேரா வையுங்க. அந்தப் பிள்ளையையாவது ‘நீ எங்கேயிருந்து வந்தவன்’னு யாரும் கேக்காம இருக்கட்டும்.”