ஒரே பேத்தி

"பேரப்பிள்ளைங்க எத்தனை பேரும்மா?" என்று தாத்தாவின் உடலருகே நெய்ப்பந்தத்துக்குத் துணி கிழித்துக்கொண்டிருந்த பெரியவர் கேட்டார். "நான் ஒருத்திதான்" என்றேன். அந்த அழுகையிலும் அதைச் சொல்ல எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரே ஒரு குச்சியில் வேட்டித் துணி சுற்றி, நெய்யில் நனைத்து, பற்றவைத்துத் தந்தார். அப்போதுதான் சீருடையில் அந்தப் பிள்ளைகள் வந்தார்கள். பதினெட்டு வருடமாகத் தாத்தா பள்ளிக்கூட வாசலில் நின்று பிள்ளைகளைச் சாலை கடக்கவைத்தார்; அதில் இப்போது படிக்கிற கூட்டம் இது. எனக்குக் காய்ச்சல் அடித்த நாள்களிலும் எட்டு மணிக்கு இவர்களிடம்தான் ஓடுவார். "தாத்தாவுக்கு நாங்களும் பந்தம் பிடிக்கிறோம்" என்றார்கள். பெரியவர் இன்னொரு வேட்டியைக் கிழிக்கப் போனார். "வேண்டாம். பேத்தி நான்தான்" என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. அவர் வேட்டியைக் கீழே வைத்தார்.

நடக்கும்போது தாத்தா என் விரலைப் பிடிக்கமாட்டார். மணிக்கட்டைத்தான் பிடிப்பார், கட்டைவிரலை நாடியின் மேல் அழுத்தி. அந்தப் பிடி எனக்கு மட்டும் என்றே இருந்தேன்.

பந்தத்தோடு அவரைச் சுற்றும்போது கண்ணீர் மறைத்துக் கால் இடறியது. பின்னால் வந்த சீருடைச் சிறுமி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "பாத்து வாங்கக்கா." அவள் கட்டைவிரல் சரியாக நாடியின் மேல் இருந்தது. அவள் மணிக்கட்டை ஒரு பையன் அதேபோலப் பிடித்திருந்தான்; அவன் மணிக்கட்டை இன்னொருத்தி. வரிசை வாசலைத் தாண்டித் தெருவரைக்கும் நீண்டிருந்தது. கையை உதறத்தான் நினைத்தேன், முடியவில்லை. மறு கையிலிருந்த பந்தத்தை மட்டும் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.